கணக்கில் சேர்க்காத குளிர்காலம்

பாய்முராத் ஆட்டுத்தலையை வேண்டாமென்று தள்ளிய அன்றைக்கே அவருடைய விதி முடிந்துவிட்டது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். ஊர் எதைத்தான் சொல்லாது? ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஊர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி அவருடைய மனைவி கம்காவுக்குத் தெரியும்.

அது நவம்பர் கடைசி. குளிர்காலத்துக்காகக் குதிரை வெட்டியிருந்த வீட்டில் விருந்து. வீடு பாய்முராத்தின் அண்ணன் எசிம்கானுடையது. அல்மாட்டியிலிருந்து அரைநாள் பயணத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. எசிம்கான் ஆயுள் முழுக்க ஆட்டுப் பண்ணையில் கழித்தவர். எண்பதை நெருங்கிவிட்டார், ஆனாலும் எலும்பைக் கடித்தால் எலும்புதான் உடையும். தம்பி பாய்முராத் மலைச்சாலை போடும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் தம்பிக்கு மரியாதை செய்யவேண்டும் என்று அண்ணன் வேகவைத்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, முகம் தம்பியைப் பார்க்கும்படி திருப்பி, அவர் முன்னால் நகர்த்தினார். கூடம் நிறையப் பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாய்முராத் கத்தியைத் தொடவில்லை.

"என்னடா, தலையப் பாத்து முழிக்கிற? புதுசா பாக்கறியா?" என்றார் எசிம்கான்.

"வேண்டாம் அகா. நான் இறைச்சிய விட்டாச்சு. வசந்தத்துலேர்ந்தே தொடறதில்ல."

"விட்டாச்சா? இறைச்சியயா? எந்த வைத்தியன் சொன்னான்?"

"வைத்தியன் இல்ல. இவ சொன்னா."

எல்லோரும் கம்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். எசிம்கான் தம்பி மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, என்றைக்கும் கெலின்தான், வீட்டுக்கு வந்த மருமகள் என்று.

"ஏன் கெலின், அந்தக் காலத்துல எங்க பண்ணைக்கு வந்து, ஆட்டுக்குக் கந்தகம் சேத்துக் குடு, கம்பளி அடர்த்தியா வளரும்னு வகுப்பெடுத்தியே, ஞாபகம் இருக்கா? இப்ப என் தம்பிகிட்டேர்ந்து அதையே புடுங்கறியே. எதுக்கு, இவன மொட்டையடிக்கவா?"

கூடம் அதிரச் சிரிப்பு. கம்காவும் சிரித்தாள். அவர் சொன்னதில் தவறே இல்லை. படிப்பு முடித்து ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த புதிதில் அவளுடைய வேலை அதுதான். கம்பளியில் கந்தகம் உண்டு, முடியில், நகத்தில் உண்டு, நாம் சாப்பிடும் புரதத்திலும் உண்டு. இறைச்சியில் அது ஏராளம், பருப்பிலும் பார்லியிலும் கொஞ்சம்தான். ஆட்டுக்கு அது கூடினால் கம்பளி கூடும். பிறகு நாடு உடைந்தது, பண்ணைகள் கலைந்தன, கம்பளி யாருக்கும் வேண்டாததாயிற்று. கம்கா கேள்வியைத் திருப்பிப் போட்டாள். கந்தகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? எலிகளுக்குக் குறைத்தாள். குறைத்துத் தின்ற எலிகள் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, மற்ற எலிகள் செத்த பிறகும் கூண்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஒரு கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டுதான் அவள் ஜப்பான்வரை போய்ப் பேசினாள், நிலையத்துக்குத் தலைவியானாள். மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கேட்டபோது குழு மறுத்துவிட்டது. "எலிக்குப் போடறத எனக்குப் போடு, கிழவி. நான் எந்தக் குழுவையும் கேக்க வேண்டியதில்ல" என்று பாய்முராத்தான் முன்வந்தார். அப்போது அவர் தொந்தியும் தொப்பையுமாக, படியேறினால் மூச்சு வாங்கும் ஆளாக இருந்தார். கோடைக்குள் தொந்தி போயிற்று. இலையுதிர் காலத்தில் மலைப்பாதையில் அவளுக்கு முன்னால் நடந்தார். அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது.

விருந்தில் சிரிப்பு அடங்கவில்லை. யாரோ ஒரு கிழவர், "பொண்டாட்டி தட்டுல புல்லு வச்சாலும் திம்பான் போலிருக்கு" என்றார். இன்னொருவர், "புல்லு தின்னா கனைக்கவும் வரும்" என்றார். பாய்முராத்தின் காது சிவந்தது. கேலியைப் பொறுக்காத குணம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு.

"கேட்டுக்கங்க எல்லாரும்" என்றார். "இவ சொல்லு பொய்யாகற வரைக்கும் இந்த வாயில இறைச்சி படாது."

சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் தடவி இறக்கினார். அப்படித் தடவியபிறகு அது பேச்சு இல்லை, ஆண்டவன் முன்னால் வைத்த வாக்கு. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எசிம்கான் தலை இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அன்று முழுக்க அவர் தம்பியோடு பேசவில்லை.

திரும்பும் வழியில் கார் கண்ணாடியில் பனி அப்பிக்கொண்டே வந்தது. கம்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லிட்டிருந்தது. காரில் சூடு போட்டிருந்தும் சில்லிட்டிருந்தது. அவள் அதைக் கவனித்தாள்.

மாதா மாதம் நிலையத்தில் பாய்முராத்தின் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது வழக்கம். எடுப்பவள் வேரா பாக். அல்மாட்டியின் கொரியக் குடும்பம் ஒன்றில் பிறந்தவள். கம்காவிடம் மாணவியாக வந்து, அவளோடேயே நரைத்துப்போனவள். டிசம்பரில் வந்த முடிவுகளை வேரா கையில் கொடுக்கவில்லை, அறைக்கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்து, வழக்கம்போல அப்பா பெயரையும் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"கம்கா தோசனோவ்னா, இது நல்லா இல்ல. ரத்தத்துல புரதம் எறங்கிட்டு இருக்கு. போன மாசமே எறங்கிச்சு, நீங்க தப்பு அளவீடுன்னு சொன்னீங்க. இந்தத் தடவ நான் ரெண்டு தரம் பாத்தேன்."

"வயசானா எறங்கும்."

"தொடையப் பாத்தீங்களா? கால்சட்ட தொங்குது. நிலையத்துக்குள்ளயே கம்பளித் தொப்பியக் கழட்ட மாட்டேங்கறாரு. உடம்பு சூடு மத்தவங்கள விடக் கம்மி." வேரா முடிவுத் தாளை மேஜையில் வைத்தாள். "எனக்கு அந்தக் குளிர்காலம் ஞாபகம் வருது."

அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவர்கள் இருவரும் அதுவரை பேசியதே இல்லை. நாடு உடைந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நகரத்துக்கே வெந்நீர்க் குழாய் நின்றுபோனது, மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. ஜனங்கள் பால்கனியில் இரும்பு அடுப்பு வைத்து நாற்காலிகளை உடைத்து எரித்தார்கள். எலிக்கூடத்தில் தண்ணீர்க் குப்பிகள் உறைந்தன. முதல் முதலாகக் கந்தகம் குறைத்து வளர்த்த எலிகள் அப்போது நடுவயதைத் தாண்டியிருந்தன. கம்காவும் வேராவும் கூண்டுகளின்மேல் தங்கள் கோட்டுகளைப் போர்த்தினார்கள். வழக்கமான தீனி தின்ற எலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சுருண்டு கிடந்து தப்பித்தன. கந்தகம் குறைத்துத் தின்றவை அப்படிச் சுருண்டு கிடந்தும் தப்பிக்கவில்லை. ஒரு கூண்டு மிச்சமில்லாமல் எல்லாம் செத்தன. வேரா அவற்றை வாளியில் அள்ளும்போது அழுதாள்.

அடுத்த வருஷம் வெளிநாட்டு உதவி வந்தது, சூடான அறை வந்தது, புது எலிகள் வந்தன. அவை நீண்ட நாள் வாழ்ந்தன. கட்டுரை எழுதும்போது கம்கா பழைய எலிகளைச் சேர்க்கவில்லை. அறை சூடு நின்றது விபத்து, விபத்தில் செத்ததை எந்த விஞ்ஞானி கணக்கில் சேர்ப்பான்? யார் கேட்டாலும் அது நியாயமாகத்தான் தோன்றும். அதுதான் இதில் உள்ள விஷம். அப்பட்டமாகப் பொய் சொல்கிறவனுக்குத் தான் பொய் சொல்கிறோம் என்றாவது தெரியும். கம்காவுக்கு அதுகூடத் தெரியாமல் இத்தனை வருஷம் போய்விட்டது. தெரியவில்லையா, தெரிந்துகொள்ள மனம் வரவில்லையா என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியாது.

"அது வேற, வேரா. அது விபத்து."

"சூடான அறையில இருக்கற எலிக்கு அது விபத்து. இங்க வருஷா வருஷம் குளிர் வருதே. இவரு கூண்டுக்குள்ள இல்லையே. கடைக்குப் போறாரு, பஸ்ஸுக்கு நிக்கறாரு. ஒரு சளி பிடிச்சா தாங்க மாட்டாரு. இறைச்சி குடுங்க, முட்ட குடுங்க. இன்னைக்கே."

"அவரு சாப்பிட மாட்டாரு. அத்தன பேருக்கு முன்னாடி முகத்தத் தடவியிருக்காரு."

"என்னன்னு?"

"என் சொல்லு பொய்யாகற வரைக்கும்னு."

வேரா அவளையே பார்த்தாள். "அப்ப பொய்யின்னு சொல்லிடுங்க. அவருகிட்ட மட்டும். வேற யாருக்கும் வேண்டாம்."

கம்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜனவரி நடுவில் அவளுடைய நாற்பதாண்டுப் பணிக்கு விழா. ஜப்பானிலிருந்தும் போலந்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நிலையத்தின் புதிய கட்டடத்துக்கு அமைச்சகம் ஒப்புதல் தரப்போவது அந்த மேடையில்தான். பாய்முராத்தை மேடையேற்றிக் காட்டவேண்டும் என்று நிலையத்தில் எல்லோரும் ஆசையாக இருந்தார்கள்.

"விழா முடியட்டும்" என்றாள். "முடிஞ்ச அன்னைக்கே சொல்லிடறேன்."

"அதுவரைக்கும்?"

"வீட்டுக்குள்ள சூடா வச்சுக்கறேன்."

எலிக்கூடத்து எலியைப் பற்றிப் பேசுவதுபோல அவள் பேசியதை வேரா கவனித்தாள். எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே கம்கா ஒரு தந்திரம் செய்து பார்த்தாள். எலும்பைக் கொதிக்கவைத்த சாற்றில் பார்லிக் கஞ்சி காய்ச்சி, மேலே மிதந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, வெங்காயத்தை வதக்கிப் போட்டாள். பாய்முராத் கரண்டியை வாய்வரைக்கும் கொண்டுபோய் அப்படியே கீழே வைத்தார்.

"என்ன இது?"

"கஞ்சி."

"எலிய ஏமாத்தலாம் கிழவி. எங்க அப்பன் குதிர வளர்த்தவன். கொதிக்கற சட்டி எந்த மிருகத்தோடதுன்னு தெருவுல வர்றப்பவே சொல்லிடுவேன்."

"கொஞ்சம் சாறுதான. உங்களுக்கு ரத்தத்துல புரதம் கொறஞ்சிருக்கு. வெயில் வர்ற வரைக்கும் கொஞ்ச நாளு மாத்திக்கலாம். சொன்னா கேளுங்க."

"மாத்திக்கறதா?" அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நான் எத்தன பேரு முன்னாடி சொல்லியிருக்கேன்? எசிம்கான் அகா இன்னும் என்கூட சரியாப் பேசல. இப்பப் போயி, ஆமாய்யா, நீங்க சிரிச்சது சரிதான்னு சொல்லச் சொல்றியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ கண்டுபிடிச்சது பொய்யா?"

நேராகக் கேட்டார். ஒரு சொல் போதும். அவள் 'ஆமாம்' என்று சொல்லியிருந்தால் அந்தக் கஞ்சியை அவர் அப்படியே குடித்திருப்பார், நாலு நாள் அவளைத் திட்டியிருப்பார், அண்ணனுக்குப் போன் போட்டுக் குதிரைக்கறி கேட்டிருப்பார்.

"பொய்யில்ல" என்றாள் கம்கா.

"அப்ப வேற கஞ்சி வை" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. அவளை நம்புவதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது.

விழா பெரிய மண்டபத்தில் நடந்தது. பேசாதவர்கள் இல்லை. தங்க நூல் போட்ட நீண்ட மேலங்கியைக் கம்காவின் தோளில் போர்த்தினார்கள். அமைச்சகத்திலிருந்து வந்தவர் கட்டடத்தை அறிவித்தார். பிறகு பாய்முராத்தைக் கூப்பிட்டார்கள். அவர் படியில் துள்ளி ஏறி, ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, "என் பொண்டாட்டி வாழ்க்கையிலயே செலவில்லாம வளத்த ஒரே எலி நான்தான்" என்றார். மண்டபம் குலுங்கியது. கோட்டைக் கழற்றி விழாத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, மேடையில் திரும்பத் திரும்பக் குந்தி உட்கார்ந்து எழுந்தார். ஜப்பான்காரர்கள் கைதட்டி எண்ணினார்கள். அவர் நிறுத்துவதாக இல்லை. கடைசி முறை எழும்போது முழங்கால் நடுங்கியதை முன்வரிசையில் இருந்த வேரா பார்த்தாள். கம்காவும் பார்த்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

எசிம்கானும் வந்திருந்தார். பின்வரிசையில் உர்ரென்று உட்கார்ந்திருந்தவர் தம்பி உட்கார்ந்து எழுவதைப் பார்த்து எழுந்து நின்று தட்டினார். விழா முடிந்ததும் தம்பியை வாசலுக்கு வெளியே இழுத்துப்போய்க் கட்டிக்கொண்டார். "நம்ம அம்மா இருந்திருந்தா உன்னப் பாத்து ஆச தீந்திருப்பாடா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வியர்த்த சட்டையோடு, கோட்டும் தொப்பியும் உள்ளே கிடக்க, பாய்முராத் பனியில் அண்ணனைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊர்ப்பட்ட பேர் கம்காவின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்ததால் அவளால் அவரை உள்ளே கூப்பிட முடியவில்லை.

முடிந்த அன்றைக்கே சொல்லிவிடுவதாகச் சொன்னாளே, சொன்னாளா? அன்று விருந்தாளிகளோடு போயிற்று. மறுநாள் ஜப்பான்காரர்களை மலைக்கு அழைத்துப்போனாள். அதற்கடுத்த நாள் பாய்முராத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல்காரரிடம் எதற்கு இதையெல்லாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போடுகிறவர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

காய்ச்சல் மார்புக்கு இறங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்துகளுக்குக் குறைவில்லை. மருத்துவர் இளைஞன், நல்லவன். கம்காவைத் தனியாக அழைத்து, "அம்மா, மருந்து வேல செய்ய உடம்புல ஏதாவது இருக்கணும். இவருகிட்ட ஒண்ணும் இல்லையே. இவரு எத்தன நாளா இப்படி இளைச்சிட்டு வந்தாரு?" என்று கேட்டான். அவன் படித்த பாடப்புத்தகத்தில் ஒரு அத்தியாயம் அவள் எழுதியது. அவள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் அவள் கட்டிலருகே உட்கார்ந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, சொல்லிவிட்டாள். உறைந்த குப்பிகளை, வாளியை, வேரா அழுததை, கட்டுரையில் விட்டதை, டிசம்பர் ரத்தத்தை, விழா முடியட்டும் என்று தான் சொன்னதை. ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்ததும், "இப்ப என் சொல்லு பொய்யின்னு நானே சொல்றேன். உங்க வாக்கு தீந்துபோச்சு. இந்தச் சாறக் குடிங்க" என்று கிண்ணத்தை நீட்டினாள். கொஞ்சம் போர்வையில் சிந்தியது.

பாய்முராத் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கரண்டி குடித்தார். அடுத்ததை விழுங்க முடியவில்லை, இருமல் பிடுங்கியது.

"இப்ப இறங்க மாட்டேங்குது கிழவி" என்றார்.

"நாளைக்குக் குடிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா."

"கஞ்சி வச்ச அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் பயந்துபோய் அவருடைய கையைப் பற்றினாள். அவர் கண்ணைத் திறக்காமலே பேசினார். அவளைத் திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

"அந்தக் குளிர்ல செத்ததையெல்லாம் விட்டுட்டியே. அப்படியே என்னையும் விட்டுடு. அகா கேட்டா குளிர்னு சொல்லு. உன் கட்டடம் நிக்கட்டும்."

"அப்படிப் பேசாதீங்க."

"நான் கேலியாச் சொல்லல. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் மார்ச் பிறக்குமுன் இறந்துபோனார். காஸ்பியன் கரையில் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் வந்து, ஊரில் அப்பாவின் அப்பா பக்கத்தில் புதைத்தான். மண் உறைந்திருந்ததால் குழி தோண்டுகிறவர்கள் முதலில் டயரைப் போட்டு எரித்துத் தரையை இளக்கவேண்டியிருந்தது. வந்தவர்களெல்லாம் என்னவாயிற்று என்று கேட்டார்கள். மகன், "குளிர் மார்புல எறங்கிடுச்சு" என்றான். கம்கா பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. நிலையத்திலிருந்து வந்த மலர்வளையத்தில் வேராவின் பெயர் இல்லை. அவள் தனியாக வந்து, ஒரு ஓரமாக நின்றிருந்துவிட்டுப் போனாள்.

நாற்பதாம் நாள் படையலுக்கு எசிம்கான் வீட்டிலேயே ஏற்பாடு. பனி உருகி முற்றமெல்லாம் சேறு. உள்ளே பெரியவர்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் தட்டுகளைச் சுமந்துபோனார்கள். கம்கா பின்னறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது எசிம்கான் வந்து கதவைச் சாத்தினார். அவரைப் பார்த்து அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்துப் பட்டைக்குள் கழுத்து ஆடியது.

"என்ன மூத்தவரே, உடம்புக்கு முடியலையா?"

"எனக்கென்ன." அவர் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "கெலின், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது. நான்தான் அவன எல்லாருக்கும் முன்னாடி கேலி பண்ணேன். மொட்டையடிக்கறியான்னு கேட்டேன். மேடையில அவன் உக்காந்து எழுந்தப்பதான் புரிஞ்சுது. என் தம்பி இருவது வயசுக்காரன் மாதிரி இருந்தான். அந்தப் பாழாப்போன குளிர் மட்டும் வரலன்னா இன்னும் இருவது வருஷம் இருந்திருப்பான்."

அவள் மடித்த துணியை மறுபடி மடித்தாள்.

"அவன் போன நாள்லேர்ந்து நான் இறைச்சி தொடல" என்றார் எசிம்கான். "வீட்டுல கத்தறாங்க. கத்தட்டும். ஆனா எனக்குக் கணக்குத் தெரியாது. வெறும் ரொட்டியும் டீயும்தான் உள்ள போகுது. அவனுக்கு எப்படி வச்சியோ, அதே கஞ்சி, அதே அளவு, எழுதிக் குடு. அவன் பாதியில விட்டத நான் முடிச்சு வைக்கறேன். இன்னைக்கு எல்லாரும் உக்காந்திருக்காங்க. போய் அவங்க முன்னாடி முகத்தத் தடவிட்டுச் சொல்லிடறேன்."

அவர் எழுந்துவிட்டார். கை கதவுப்பிடிக்குப் போய்விட்டது. குளிர் என்று சொல் என்றாரே அவள் புருஷன், அதைச் சொல்ல வேண்டிய இடமும் இதுதான். ஒன்றும் சொல்லாமல் ஒரு தாளில் பார்லி, பருப்பு, ஆப்பிள் என்று எழுதிக் கொடுத்தால் போதும். கிழவர் இன்னொரு குளிர்காலத்தைப் பார்க்கமாட்டார், கட்டடம் நிற்கும், எல்லோரும் அவளைத் தாங்குவார்கள்.

"போகாதீங்க" என்றாள். "அவரு குளிரால சாகல. நான் போட்ட சாப்பாட்டால செத்தாரு."

எசிம்கான் திரும்பினார். அவள் நின்றுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே விஷயங்கள்தான். ஆனால் அங்கே கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ஆடு வளர்த்தவருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. தீனி குறைந்த ஆடு முதல் பனிக்கே விழும் என்பது அவருக்குத் தெரியாததா? அவள் பாதி சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. முழுவதும் கேட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"டிசம்பர்ல."

"டிசம்பர்ல" என்று அவர் திருப்பிச் சொன்னார். "விழாவுக்கு முன்னாடி."

"ஆமா."

"நான் அவனப் பனியில நிக்க வச்சுக் கட்டிப்பிடிச்சனே. நீ உள்ளதான நின்ன?"

"பாத்தேன்."

கூடத்தில் யாரோ எசிம்கானைக் கூப்பிட்டார்கள், பெரியவர் வந்து தொடங்கவேண்டும் என்று. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கை அடித்துவிடுவதுபோல ஒருமுறை உயர்ந்தது. கம்கா நகரவில்லை. அடித்தால் நல்லது என்றுதான் நினைத்தாள். அவர் கையை இறக்கித் தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா கெலின்? அவன் வாக்கக் காப்பாத்தட்டும், நீ உன் சொல்லக் காப்பாத்திக்கோ. நான் வந்திருப்பேனே. கையையும் காலையும் பிடிச்சுக் கட்டிப்போட்டு, என் கையால அவன் வாயில ஊட்டியிருப்பேனே. பாவத்த நான் சுமந்துட்டுப் போயிருப்பேனே."

அவள் கையிலிருந்த துணியைப் பெட்டியின்மேல் வைத்தாள்.

அவர் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்குப் போனார். உட்கார்ந்தார். பெரியவர்கள் அவர் முகத்தைப் பார்த்து, என்னவென்று கேட்கத் தயங்கினார்கள். அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்து வாயில் போட்டார். மென்றார். கண்ணிலிருந்து நீர் தாடிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. அடுத்த துண்டையும் எடுத்தார்.

கம்கா கதவருகே நின்று அவர் விழுங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, பெரியவருக்குச் சூடாக இன்னும் கொஞ்சம் இறைச்சிச் சாறு கொண்டுவரச் சொன்னாள்.